1453-ல் கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்ந்ததால்தான் ஐரோப்பாவில் மறுமலர்ச்சி தொடங்கியதா?

இல்லை.

இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்தான். ஆனால் இதே கேள்விக்காக ஒரு வகுப்பறையில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது நிறுத்த விடமாட்டேன் என்கிறது.

நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என்று நினைக்கிறேன். குறிப்புப் புத்தகத்தில் ‘உடனடிக் காரணம்: 1453’ என்று தடித்த எழுத்தில் பார்த்திருப்பீர்கள். பைசாந்தியப் பேரரசின், அதாவது கிழக்கு ரோமானியப் பேரரசின், தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளைத் துருக்கியர் பிடித்தார்கள், கிரேக்க அறிஞர்கள் சுவடிகளை அள்ளிக்கொண்டு இத்தாலிக்கு ஓடி வந்தார்கள், அதைப் படித்து ஐரோப்பா கண் விழித்தது, பழைய கிரேக்க, ரோமானிய அறிவும் கலையும் மீண்டும் உயிர்பெற்றன, அதுதான் மறுமலர்ச்சி. கதை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆண்டுகள்தான் ஒத்துவரவில்லை.

நான் பள்ளியில் வரலாறு எடுத்து ஓய்வு பெற்றவள். ஆய்வாளர் இல்லை, லத்தீனும் தெரியாது. ‘நீ யார் சொல்ல’ என்று வருபவர்களுக்காக இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஓய்வுக்குப் பிறகு ஒரு பயிற்சி மையத்தில் சனி, ஞாயிறு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். மாதிரித் தேர்வில் இந்தக் கேள்வி வந்தது. விடைக்குறிப்பில் 1453. வாசித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகச் சொல்லித்தான் எனக்குச் சம்பளம். நான் போகாமல் போர்டில் சில ஆண்டுகளை வரிசையாக எழுதினேன்.

முதலில் 1305. பதுவை அந்தோணியாரைத் தெரியாத ஊர் நம்மிடம் கிடையாது. இத்தாலியில் இருக்கும் அந்தப் பதுவையில் ஒரு சிறிய தேவாலயத்தின் சுவர் முழுக்க ஜோத்தோ என்ற ஓவியர் படம் தீட்டியது ஏறக்குறைய அந்த ஆண்டில். இறந்த இயேசுவின் தலையை மரியாள் மடியில் தாங்கியிருக்கும் காட்சியில் இரண்டு பேர் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். முகமே தெரியாது, ஆனால் குனிந்த முதுகிலேயே துக்கம் தெரியும். பைசாந்தியப் பாணிப் படங்களில் எல்லாரும் நம்மைப் பார்த்து நிற்பது வழக்கம். ஜோத்தோவின் ஆட்களுக்கு நாம் அங்கே இருப்பதே தெரியாது, அவர்கள் பாடு அவர்களுக்கு.

அடுத்து 1345. பழைய ரோமின் பெரும் பேச்சாளர் சிசரோ லத்தீனில் எழுதிய கடிதங்களை, இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் வெரோனாவில் கண்டெடுத்த ஆண்டு. இந்த மனிதரிடம் ஹோமரின் கிரேக்கச் சுவடி ஒன்றும் பின்னால் வந்து சேர்ந்தது. ஆனால் கிரேக்கம் தெரியாது. வாசிக்க முடியாத புத்தகத்தைக் கட்டிப்பிடித்து ஏங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். கிரேக்கத்துக்கான பசி முன்பே வந்துவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பிறகு 1397. இந்த ஆண்டை நான் போர்டில் இரண்டு முறை அடிக்கோடிட்டேன். ஃப்ளாரன்ஸ் குடியரசின் செயலர் சலுதாத்தி, கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து மனுவேல் கிரிசொலோராஸ் என்பவரை வரவழைத்து, ஊர்ப்பணத்தில் சம்பளம் போட்டு, கிரேக்கம் கற்றுக்கொடுக்க வைத்தார். அகதியாக வந்தவர் இல்லை, அழைத்து வரப்பட்ட வாத்தியார். சட்டம் படித்துக்கொண்டிருந்த லியோனார்தோ புரூனி அதை விட்டுவிட்டு இவரிடம் போய்ச் சேர்ந்தார். எழுநூறு ஆண்டுகளாக இத்தாலியில் கிரேக்கம் அறிந்தவர் எவரும் இல்லை, இந்த வாய்ப்பை எப்படி விடுவது என்பது அவர் சொன்ன காரணம். நகரம் விழ இன்னும் 56 ஆண்டுகள் இருந்தன.

மறுநாள் மைய உரிமையாளர் கூப்பிட்டார். “மேடம், கீ என்ன சொல்லுதோ அதைச் சொல்லிட்டுப் போங்க. பசங்க குழம்பிப் போயிட்டாங்க” என்றார். குழம்பவில்லை, ஒரு பெண் வகுப்பு முடிந்த பிறகும் நின்று கேள்வி கேட்டாள் என்றேன். “அவ ஒருத்திக்காக மையம் நடத்த முடியுமா?” அடுத்த மாதத்திலிருந்து உலக வரலாறு வேறொருவருக்குப் போனது. எனக்கு நடப்பு நிகழ்வுகள்.

அந்தக் கடுப்பு போகாமல் இருந்த நேரத்தில்தான் இத்தாலியில் வேலை பார்க்கும் அக்கா மகன் கூப்பிட்டான். ஃப்ளாரன்ஸுக்கு அவன் என்னைக் கூட்டிப்போனது ஊர் சுற்றிக் காட்ட. நான் போனது 1453-ஐ ஒரு கை பார்க்க.

பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இரண்டு வெண்கலத் தகடுகள் இருக்கின்றன. 1401-ல் அந்த ஊர்த் திருமுழுக்குக் கோயிலுக்குக் கதவு செய்யத் துணி வணிகர் சங்கம் போட்டி வைத்தது. ஏழு சிற்பிகள், ஆளுக்கு ஓராண்டு அவகாசம், எல்லாருக்கும் ஒரே காட்சி: ஆபிரகாம் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகும் தருணம். மிஞ்சியிருப்பவை கிபெர்ட்டியும் புரூனெல்லெஸ்கியும் செய்த இரண்டு மட்டும்தான். புரூனெல்லெஸ்கியின் தகட்டில் வானதூதர் ஆபிரகாமின் கையை எட்டிப் பிடித்தே விட்டார். கத்தி கழுத்தில், பையனின் தலை பின்னால் வளைந்திருக்கிறது. மூலையில் ஒரு வேலைக்காரன் காலில் தைத்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறான், பழைய ரோமானியச் சிலையிலிருந்து அப்படியே எடுத்தது. கிபெர்ட்டியின் ஈசாக்கோ நிர்வாணமாக, பழங்காலச் சிலையின் உடற்கட்டோடு நிமிர்ந்திருக்கிறான். எனக்குப் பிடித்தது புரூனெல்லெஸ்கியுடையது, அதில் பயம் இருக்கிறது. வென்றது கிபெர்ட்டி. அவருடையது பெரும்பாலும் ஒரே வார்ப்பு, சுமார் 7 கிலோ எடையும் குறைவு. வெண்கலத்துக்குக் காசு கொடுக்கும் வணிகர்கள் அதைப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்?

தோற்றவர் சும்மா இருக்கவில்லை. அந்த ஊர்ப் பேராலயத்தின் மேல், கீழிருந்து சாரம் கொடுத்துத் தாங்காமலே, 45 மீட்டர் அகலக் குவிமாடத்தை எழுப்பினார். 1420-ல் தொடங்கி 1436-ல் முடித்தார். வென்றவர் முதல் கதவை முடித்து, இரண்டாவது கதவையும் செய்தார். ‘சொர்க்கத்தின் வாயில்’ என்று உலகம் கொண்டாடும் கதவு அதுதான். அது முடிந்தது 1452-ல். மறுமலர்ச்சி ‘தொடங்குவதற்கு’ ஓராண்டு முன்பு!

அக்கா மகனிடம் இதைச் சொன்னபோது, “சித்தி, அந்த மையத்துக்காரருக்கு ஒரு போட்டோ அனுப்பிடலாமா?” என்றான். அனுப்பவில்லை.

சரி, 1453 இல்லையென்றால் வேறு என்ன? என் அறிவுக்கு எட்டியவரை காசும் போட்டியும் கடிதமும். கம்பளித் துணியும் வட்டிக்கடையும் கொட்டிய பணம் ஃப்ளாரன்ஸில் இருந்தது. அவர்களுடைய ஃப்ளோரின் தங்கக் காசு 1252 முதலே புழக்கத்தில் இருந்தது. அரசன் இல்லாத ஊர் என்பதால் சங்கத்துக்குச் சங்கம், குடும்பத்துக்குக் குடும்பம் போட்டி, யார் கட்டுவது பெரிது என்று. சுற்றிலும் பகை வேறு. அண்டை அரசுகளுக்கு நறுக்கென்று லத்தீனில் எழுத ஆள் வேண்டும், அதற்கு சிசரோவைப் படித்தவன் வேண்டும். சலுதாத்தியின் ஒரு கடிதம் ஆயிரம் குதிரைவீரர்களைவிடக் கேடு என்று எதிரியான மிலான் பிரபுவே சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. பழைய நூல்களைத் தேடி அலைந்தவர்களில் பலர் பிழைப்புக்கு இப்படி எழுதியவர்கள்தான்.

உடனே ‘கிரேக்கர்கள் ஒன்றுமே செய்யவில்லையா, நன்றி கெட்டவளே’ என்று வராதீர்கள். செய்தார்கள். நகரம் விழுந்த பிறகு வந்த ஆர்கிரோபூலோஸ் ஃப்ளாரன்ஸில் அரிஸ்டாட்டில் பாடம் எடுத்தார். கிரேக்கரான கர்தினால் பெசாரியோன், தம் மக்களின் எழுத்து அழிந்துவிடக் கூடாதே என்று தேடித் தேடிச் சுவடி வாங்கி, 1468-ல் வெனிஸுக்குக் கொடையாகக் கொடுத்தார். கிரேக்கச் சுவடிகள் மட்டும் ஏறக்குறைய 500. ஆனால் அந்தப் பெசாரியோனும் இத்தாலிக்கு வந்தது 1438-ல், திருச்சபைத் தலைவர்கள் கூடிய பேரவை ஒன்றுக்காக. 1453 ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வேலையை வேகப்படுத்தியது. அவ்வளவுதான் என் கட்சி.

இதெல்லாம் பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டியது. எங்கே விட்டார்கள்? பத்தாம் வகுப்பில் அரையாண்டு முடிந்ததும் என் பீரியடைக் கணக்கு வாத்தியார் ‘கடன்’ வாங்குவார், திருப்பித் தந்ததே இல்லை. “வரலாறுதானே டீச்சர், வீட்டுல படிச்சுக்குவாங்க.” ஐரோப்பா சுவர்ப்படம் ஒன்று இருந்தது. ஆண்டுவிழா மேடையில் திரை கிழிந்த இடத்தை மறைக்க எடுத்துப்போனார்கள், இத்தாலி இருந்த இடத்தில் ஆணி அடித்துத் திரும்பி வந்தது. யாரிடம் போய் அழுவது?

தேர்வுக்கு: நான்கு விடைகளில் 1453 மட்டும் பொருந்துகிற மாதிரி இருந்தால் அதையே குறித்துவிட்டு வாருங்கள், உங்கள் மதிப்பெண்ணை வைத்து நான் சண்டை போட முடியாது. விரிவாக எழுதும் தாளில் மட்டும் 1397-ஐயும் 1401-ஐயும் எழுதுங்கள்.

பின்சேர்க்கை: ‘அரபு அறிஞர்களை வசதியாக மறந்துவிட்டீர்களே’ என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். மறக்கவில்லை, பதில் நீண்டுவிட்டதே என்று விட்டேன். மேலே சொன்ன அதே கிபெர்ட்டி வயதான காலத்தில் கலை பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் கண் எப்படிப் பார்க்கிறது என்று சொல்லும் பகுதியில் பக்கம் பக்கமாக வருவது அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம் 11-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் எழுதிய ஒளியியல்தான். அது 14-ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய மொழிக்கு வந்துவிட்டிருந்தது.