வீடியோவில் பெயர் காட்டும் டைட்டில் டெம்ப்ளேட்டில் பெயர் உள்ளே வருவது சரியாக இருக்கிறது. நீளத்தை மாற்றினால் வெளியே போவது மட்டும் சொதப்புகிறது. ஏன்?

அவுட் கீஃபிரேமை, அதாவது பேர் எப்ப வெளிய போகணும்ங்கற குறியை, நாலரை செகண்ட்ல நச்சுன்னு அடிச்சு வெச்சிருப்பீங்க. டைட்டில மொத்தமா இழுத்தா அதுவும் போற வேகமும் சேர்ந்து இழுபடும். நானும் அப்படித்தான் வெச்சேன், வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

தண்டையார்பேட்டையில கல்யாண வீடியோ எடிட்டிங் பண்றேன். செகண்டுக்கு 25 ஃபிரேம் கணக்குல அஞ்சு செகண்ட் டைட்டில். பேர் ஒவ்வொரு எழுத்தா வரும், கடைசி 12 ஃபிரேம்ல ஒவ்வொரு எழுத்தா போகும். ஒரு ரிசப்ஷனுக்கு டிரோன் ஷாட் முழுக்கப் பேர் நிக்கணும்னாங்க. பக்கத்து சீட்டு அண்ணன் டைம் ஸ்ட்ரெட்ச்ல (மொத்தத்தையும் ஒரே அளவா இழுக்கிறது) 400 சதவீதம் போட்டு 20 செகண்ட் ஆக்கிட்டார். என் 12 ஃபிரேம் 48 ஆயிடுச்சு. ரெண்டு செகண்ட்!

பொண்ணு பேரு கோகிலா. அடிச்சது யூனிகோட் இல்லாத பழைய பாமினி ஃபான்ட். அதுல 'கோ' ஒரே எழுத்து இல்ல. கொம்பு, க, கால்னு மூணு துண்டு. போகும்போது முதல்ல கொம்பு கழண்டுச்சு. வேகமா போனப்ப யார் கண்ணுக்கும் தெரியல. இப்ப எல்இடி ஸ்க்ரீன்ல 'காகிலா'ன்னு நிக்குது. காசிமேட்டுல இருந்து வந்திருந்த தாய்மாமா நேரா என்கிட்ட வந்தார்: "இன்னா தம்பி, எங்க பொண்ணு குயிலா காக்காவா?"

ஃபான்ட்தான தப்புன்னு சிலர் கிளம்புவீங்க. சரி, பாதி தப்பு அது. யூனிகோட்ல அடிச்சாலும் தமிழை நான் வார்த்தை வார்த்தையாத்தான் நகர்த்துறேன் இப்ப. ஆனா வேகம் கெட்டதுக்கு ஃபான்ட் என்ன பண்ணும்?

டைட்டில் பண்ற ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் சாஃப்ட்வேர்ல காம்பொசிஷன் மெனுவுல 'ரெஸ்பான்சிவ் டிசைன் - டைம்' இருக்கு. முதல் 15 ஃபிரேமுக்கு ஒர்க் ஏரியா (டைம்லைன்ல குறிக்கிற பகுதி) வெச்சு புரொடெக்டட் ரீஜன், அதாவது இழுத்தாலும் நீளாத பகுதி, ஆக்குங்க, கடைசி 12க்கும் அதேதான். மோகர்ட்டா (பிரீமியருக்கான டெம்ப்ளேட் ஃபைல்) எடுத்து, எடிட் பண்ற பிரீமியர்ல எவ்ளோ இழுத்தாலும் நடுவுலதான் நீளும்; வர்ற வேகமும் போற வேகமும் மாறாது. அதனால நடுவுல மின்னுற லைட்டு, கொட்டுற பூ எதுவும் வைக்காதீங்க, அதுவும் ஜவ்வா இழுபடும். ஆப்பிளோட ஃபைனல் கட் எடிட்டருக்கு மோஷன் சாஃப்ட்வேர்ல டைட்டில் பண்றவங்களுக்கு மார்க்கர்லயே பில்ட் இன் (உள்ள வர்றது), பில்ட் அவுட் (வெளிய போறது) வகை இருக்கு.

நான் கோர்ஸ் போய்ப் படிச்சவன் இல்ல. இதைவிட நல்லா பண்ற எக்ஸ்பிரஷன் (ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல எழுதுற சின்ன கோட்) தெரிஞ்சவங்க தாராளமா போடுங்க, கத்துக்கறேன்.

அந்தத் தாய்மாமா அன்னைக்கு பாக்கில ரெண்டாயிரம் பிடிச்சுக்கிட்டார். சரி, நம்ம தப்பு. மூணு வருஷம் கழிச்சு அதே வீட்லருந்து போன், "பென்டிரைவ் தொலஞ்சுபோச்சு, உங்ககிட்ட காப்பி இருக்கும்ல?" ஹார்டு டிஸ்க் என்ன விலை விக்குதுன்னு இவங்களுக்கெல்லாம் யாராவது சொல்லுங்களேன். சும்மாவே எடுத்துக் குடுத்தேன். காகிலாவை மட்டும் சரிபண்ணிட்டு.