பூத்த சோளம் தீவனம், துளிர்த்த சோளம் நஞ்சு: வாசகர் கேள்வி – பதில்

தீவனப் பயிர் ஆராய்ச்சியில் பல காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற பெண் விஞ்ஞானி, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

கேள்வி: ஆடியில் விதைத்த சோளம் மழையில்லாமல் முழங்கால் உயரத்திலேயே வாடி நின்றுவிட்டது. கயிற்றை அறுத்துக்கொண்டு போன சினைமாடு அதில் மேய்ந்தது. ஓட்டி வருவதற்குள் வரப்பிலேயே விழுந்து செத்துப்போனது. போன வருடம் இதே காட்டில் இதே விதையைப் போட்டு, பூத்த பிறகு அறுத்துப் போட்டோம். எந்த மாட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்த முறை வந்த விதை கெட்ட விதையா?
– ஒரு வாசகி, காங்கேயம் வட்டாரம்

பதில்: சினைமாட்டை இப்படிப் பறிகொடுப்பது எவ்வளவு பெரிய அடி என்று எனக்குத் தெரியும் அம்மா. ஆனால் விதையைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. போன வருடம் உங்கள் மாடுகள் தின்று செரித்த சோளத்திலும் நஞ்சைச் செய்யும் மரபணுக்கள் அப்படியேதான் இருந்தன. பூக்கும் பருவத்தில் அவை பெரும்பாலும் ஓய்ந்துவிடும். இந்த வருடம் பயிர் இளசாகவும் இருந்தது, வாடியும் இருந்தது. அந்த நிலையில் அவை மும்முரமாக வேலை செய்யும்.

இந்த நஞ்சுக்குத் துரின் என்று பெயர். 1902-இல் டன்ஸ்டன், ஹென்றி என்ற இரண்டு ஆங்கிலேய வேதியியலாளர்கள் இதைச் சோளப்பயிரிலிருந்து பிரித்துக் காட்டினார்கள். துரினில் சயனைடு ஒரு சர்க்கரையோடு கட்டுண்டு கிடக்கிறது. கட்டு அவிழாதவரை செடிக்கும் கேடில்லை. இலையின் மேல்தோல் செல்களில் துரின் சேமிக்கப்படுகிறது. அதை உடைக்கும் நொதியோ உட்புறச் செல்களின் பசுங்கணிகங்களில் இருக்கிறது. பாக்கும் சுண்ணாம்பும் வாயில் சேரும்போதுதான் சிவக்கிற மாதிரி, மாடு இலையை மெல்லும்போதுதான் இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவருகிறது. போதாததற்கு, அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகளும் துரினை உடைக்கும். குதிரையைவிட மாடும் ஆடும் சீக்கிரம் விழுவது அதனால்தான்.

துரினைச் செய்ய மூன்று நொதிகள் போதும். டைரோசின் என்ற அமினோ அமிலத்தை முதல் இரண்டும் உருமாற்றுகின்றன, மூன்றாவது சர்க்கரையைச் சேர்த்துப் பூட்டுகிறது. இந்த மூன்றுக்கும் உரிய மரபணுக்கள் சோளத்தின் முதல் குரோமோசோமில் அக்கம்பக்கமாகவே இருக்கின்றன. விதை முளைத்த இரண்டு மூன்று நாட்களில் இவற்றின் வேகம் உச்சத்தில் இருக்கும். பிறகு படிப்படியாக அடங்கும். கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது: பயிர் வளர வளர இந்த மரபணுக்களே குறைவாகப் படியெடுக்கப்படுகின்றன, அதனால் நொதியும் குறைகிறது, துரினும் குறைகிறது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. வளர்ந்த பயிருக்கு நைட்ரேட் உரம் கொடுத்தபோது ஓய்ந்திருந்த மரபணுக்கள் திரும்ப முடுக்கிவிடப்பட்டன. நாற்றுப் பருவத்தில் உரம் கொடுத்தும் பெரிய மாற்றமில்லை. அங்கே ஏற்கெனவே முழு வேகம்தான்.

இதை நம் கண்ணாலேயே பார்க்க ஒரு பழைய சோதனை உண்டு. இலையை நறுக்கிச் சோதனைக் குழாயில் போட்டு, இரண்டு சொட்டு குளோரோபார்ம் விட்டு, பிக்ரேட் கரைசலில் நனைத்த மஞ்சள் தாளை வாயிலில் தொங்கவிட்டு மூட வேண்டும். சயனைடு வந்தால் தாள் செங்கல் நிறத்துக்கு மாறும். ஆய்வகத்துக்கு வரும் மாணவர்களுக்கு நான் ஒரே செடியிலிருந்து இரண்டு இலை பறித்துக் காட்டுவேன். குருத்திலிருந்து அப்போதுதான் விரிந்த இலையின் தாள் விறுவிறுவென்று சிவக்கும். தூரோரம் இருக்கும் முதிர்ந்த இலையின் தாள் மஞ்சளாகவே தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டு இலைக்கும் ஒரே வேர், ஒரே மரபணுத் தொகுப்பு. அந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் மறக்கவே மாட்டார்கள்.

ஆகவே "இத்தனை நாள் ஆகிவிட்டது, இனி மேய்க்கலாம்" என்று நாளை மட்டும் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். கோ எப்.எஸ். 29 போன்ற பலமுறை அறுக்கும் தீவனச்சோளத்திலும் ஒவ்வொரு அறுப்புக்கும் பூவைப் பாருங்கள். அறுத்த கட்டையிலிருந்து கிளம்பும் துளிரின் தூர் எவ்வளவு பழையதானாலும் அந்தத் துளிர் நாற்று மாதிரிதான். வறட்சியில் வாடிய பயிரில் நஞ்சு கூடும். "ஒரு மழை பெய்துவிட்டால் சரியாகிவிடும்" என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு மிகவும் பயம் தரும் பேச்சு அது. மழைக்குப் பின் குபுகுபுவென்று வரும் புதுத்துளிரில்தான் ஆபத்து அதிகம். யூரியா போட்டவுடனும் மாட்டை விடக்கூடாது.

அளவைச் சொல்கிறேன். மாட்டின் உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 2 மில்லிகிராம் சயனைடு உயிரைக் குடிக்கப் போதும். 300 கிலோ மாட்டுக்கு 600 மில்லிகிராம். காய்ந்த எடையில் ஒரு கிலோ தீவனத்தில் 500 மில்லிகிராமைத் தாண்டினாலே ஆபத்து என்று கணக்கு. வாடிய இளம்பயிரில் ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. அப்படியானால் மூன்று நான்கு கிலோ பச்சைத் தழையே போதும். பசித்த மாடு அதை எவ்வளவு நேரத்தில் மேய்ந்துவிடும் என்று உங்களுக்கே தெரியும்.

மூச்சிரைப்பு, தள்ளாட்டம், வாயில் நுரை என்று கண்டால் அந்த நிமிடமே கால்நடை மருத்துவரை அழையுங்கள். சோடியம் நைட்ரைட்டும், ஹைப்போ என்று சொல்லும் சோடியம் தயோசல்பேட்டும் சிரை வழியாகச் செலுத்தி மாட்டைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. மாடு எதை மேய்ந்தது, உரம் எப்போது போட்டீர்கள் என்று அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வறட்சியில் உரமிட்ட சோளத்தில் நைட்ரேட் நஞ்சும் சேரும். சயனைடு என்றால் ரத்தம் பளிச்சென்ற சிவப்பு, நைட்ரேட் என்றால் பழுப்பு. நைட்ரேட் நஞ்சுக்குப் போய் சோடியம் நைட்ரைட் ஊசி போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும்.

அறுத்து நன்றாகக் காய்ந்த தட்டிலும், காற்றுப் புகாமல் புளிக்கவைத்து முறையாகப் பதப்படுத்திய பசுந்தீவனமான சைலேஜிலும் சயனைடு பெருமளவு குறைந்துவிடும். நைட்ரேட் காய்ந்தாலும் போகாது.

கேள்வி: நஞ்சே இல்லாத சோள ரகம் உண்டாக்க முடியாதா?
– ஒரு கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: உண்டாக்கியிருக்கிறார்கள் தம்பி. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு, டென்மார்க் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2012-இல் இதை வெளியிட்டது. விதைகளில் ரசாயனத்தால் மாற்றங்களைத் தூண்டி, அவற்றிலிருந்து முளைத்த ஆயிரக்கணக்கான செடிகளைச் சலித்தார்கள். ஒரு வகையில் முதல் நொதிக்கான மரபணு பழுதாகி, துரின் அறவே இல்லை. ஆனால் அந்தச் செடிகள் நாற்றுப் பருவத்தில் கொஞ்சம் மந்தமாக வளர்ந்தன. இன்னொரு வகை நாற்றில் வழக்கம்போல் துரினைச் செய்தது, வளர்ந்ததும் கிட்டத்தட்ட முழுவதுமாக நிறுத்திவிட்டது.

என் மனம் இரண்டாவது வகையின் பக்கம்தான். துரின் வெறும் நஞ்சு மட்டும் இல்லை, செடி தழைச்சத்தைச் சேமித்து வைக்கும் இடமும்கூட. சயனைடை வெளிவிடாமலேயே அதிலுள்ள தழைச்சத்தை எடுத்து வளர்ச்சிக்குச் செலவிடும் வழியும் சோளத்திடம் இருக்கிறது. பூச்சிக்கு எளிதில் இரையாகும் பிஞ்சு வயதில் அந்தக் காவலைப் பறித்துவிட்டு, அப்புறம் மருந்து தெளிப்பதில் என்ன லாபம்? அறுக்கும் பருவத்தில் இல்லாமல் இருந்தால் போதும். எப்போது ஓய வேண்டும் என்ற கட்டளையை மாற்றுவதுதான் நல்ல பயிர்ப்பெருக்கம் என்பது என் கருத்து.

கேள்வி: மக்காச்சோளத்திலும் இப்படி நஞ்சு உண்டா? உண்டென்றால் படைப்புழு ஏன் சாகவில்லை?
– ஒரு விவசாயி, பெரம்பலூர்

பதில்: உண்டு ஐயா, ஆனால் வேறு சரக்கு. டிம்போவா என்பது அதன் பெயர். இதுவும் சர்க்கரையோடு பூட்டப்பட்டுத்தான் இருக்கும், இலை கடிபட்டால் விடுபடும். இதைச் செய்யும் மரபணு வரிசையின் முதல் ஐந்தை ஜெர்மன் ஆய்வாளர்கள் 1997-இல் விவரித்தார்கள். அவையும் மக்காச்சோளத்தின் 4-ஆம் குரோமோசோமில் கூட்டமாகத்தான் இருக்கின்றன. அவற்றின் வேலையும் நாற்றில் உச்சம், வாரங்கள் போகப்போகச் சரிவு. தண்டு துளைக்கும் பல புழுக்களை அது தடுக்கவும் செய்கிறது.

2018-இல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழுவுக்கு அமெரிக்கக் கண்டங்களில் மக்காச்சோளத்தோடு நெடுங்காலப் பழக்கம். அதன் குடலில் ஒரு நொதி இருக்கிறது. செடி சர்க்கரையைக் கழற்றிவிட்ட டிம்போவாவில் அது ஒரு சர்க்கரையைத் திரும்ப மாட்டிவிடுகிறது, அதுவும் எதிர்த் திசையில் திருப்பி. செடியின் நொதியால் அந்தச் சர்க்கரையை மறுபடி கழற்ற முடிவதில்லை. நஞ்சு பூட்டிய நிலையிலேயே எச்சத்தோடு வெளியே போய்விடுகிறது. ஜெர்மனியின் யேனா நகரத்திலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் 2014-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். ஆகவே செடியின் சொந்தக் காவலை நம்பி இருந்துவிடாதீர்கள். முளைத்த முதல் வாரத்திலிருந்தே குருத்தை விரித்துப் பாருங்கள். இலையில் கண்ணாடி போன்ற சுரண்டல் தெரியும்போதே நடவடிக்கை எடுத்தால்தான் பிடிக்க முடியும். புழு குருத்துக்குள் இறங்கி எச்சத்தால் வாயிலை அடைத்துக்கொண்டால் எந்த மருந்தும் எளிதில் எட்டாது.

கேள்வி: வெள்ளைச்சோளத்தை முளைகட்டிக் குழந்தைக்கு மாவு அரைக்கலாமா?
– ஒரு இளம் தாய், மதுரை

பதில்: முற்றிய சோள மணியில் துரின் இல்லை என்றே சொல்லலாம், சோறு, தோசை, களி எதற்கும் பயம் வேண்டாம். முளைக்க ஆரம்பித்ததும் முளையிலும் வேரிலும் அது உண்டாகிறது. ஆகவே நீளமாக வளரவிடாமல், முளை எட்டிப் பார்த்ததுமே வெயிலில் நன்றாகக் காயவைத்து, கையால் தேய்த்து முளையையும் வேரையும் புடைத்து நீக்கிவிடுங்கள். பிறகு வறுத்து அரைத்து, கஞ்சியாகக் காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும். பச்சைப்பயறு முளை மாதிரி சோள முளையைப் பச்சையாக யாருக்கும் கொடுக்காதீர்கள்.