யார் சொன்னது என்று குழம்பாமல் இருக்க

புதிதாக வந்த கட்டுரையைப் பற்றி எழுதினால், கட்டுரையாளர் சொன்னதை உங்கள் கருத்தாகவே வாசகர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்கிறீர்கள். சிக்கல் பெரும்பாலும் வினைச்சொல்லில்தான். 'விலை ஏறும்' என்றால் அது உங்கள் கூற்று. 'விலை ஏறும் என்கிறார்' என்றால் அவருடையது. தமிழில் இந்த 'என்கிறார்' வாக்கியக் கடைசியில் வருவதால், நாலு வரி நீண்டால் யார் பேசுகிறார் என்பதே மறந்துபோகும். அதனால் அவர் பெயரை முதலிலேயே போட்டுவிடுங்கள். சுருக்கத்தைத் தனிப் பத்தியாக முடித்துவிட்டு, அப்புறம் 'எனக்கு இதில் உடன்பாடில்லை' என்று தொடங்கலாம். 'சுட்டிக்காட்டுகிறார்' என்று எழுதும்போது மட்டும் கவனம்: அவர் சொன்னது உண்மை என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். கட்டுரை 'சமீபத்தில்' வந்தது என்று எழுத வேண்டாம், வெளியான தேதியைப் போடுங்கள். இணையக் கட்டுரையைப் பிறகு திருத்தவும் செய்வார்கள். அதனால் இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் (Wayback Machine) தளத்தில் ஒரு பிரதி சேமித்து வையுங்கள்.