அச்சாரம் வாங்கியாச்சு, விலை ஏறிடுச்சு: இப்போது என்ன செய்வது?

கேள்வி: ஊத்துக்குளிக்குப் பக்கத்தில் எங்களுக்கு 14 சென்ட் இடம் இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் கேட்டார். சென்ட் 90,000 என்று பேசி, போன மாதம் 10,001 ரூபாய் அச்சாரம் வாங்கிக்கொண்டேன். எழுத்து எதுவும் இல்லை. இப்போது திருப்பூரிலிருந்து ஒருவர் வந்து, சென்ட் 1,20,000 தருகிறேன், பாதிக்கு மேல் ரொக்கம் என்கிறார். மகள் நர்சிங் சேர்ந்திருக்கிறாள், பணம் தேவைதான். மச்சான், "அச்சாரத்த ரெட்டிப்பாத் திருப்பிக் குடுத்துட்டாப் போச்சுங்க" என்கிறார். சபையில் ஒரு அண்ணன், "இது கர்த்தர் திறந்த வாசல்" என்கிறார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இன்னொன்று: எட்டு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுக்கிறேன். "நாளைக்கு ரெடி" என்று தினமும் சொல்ல வேண்டியிருக்கிறது. தொழிலில் அதுவும் பொய்யா ஐயா?

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன் தம்பி, காரணத்தை அப்புறம் பார்க்கலாம். இடத்தைப் பெரியவருக்கே கொடுங்கள், பேசிய விலைக்கே. அவராக மனமுவந்து உங்களை விட்டால்தான் வேறு பேச்சு. வித்தியாசம் 4,20,000 ரூபாய் என்று எனக்கும் கணக்குப் போடத் தெரியும். காலேஜ் பீஸ் கட்டுகிற வீட்டில் அது சின்னத் தொகை இல்லை. அதனால்தான் ஒரு வசனத்தைச் சொல்லிக் கைகழுவிவிட மனசு வரவில்லை.

15-ஆம் சங்கீதம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கர்த்தருடைய கூடாரத்தில் யார் தங்குவான் என்று கேட்டுத் தொடங்கும். வருகிற பதிலில் ஜெபமும் இல்லை, உபவாசமும் இல்லை. புறங்கூறாதவன், தோழனுக்குத் தீங்கு செய்யாதவன் என்று எல்லாம் அக்கம்பக்கத்துச் சங்கதிதான். அந்த வரிசையில்தான் வருகிறது, "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்" என்பது. (அடுத்த வசனம் வட்டியைப் பற்றியது. பைனான்ஸ் இத்தனை நடக்கிற நம் பக்கத்தில், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அதை மனப்பாடம் கொடுத்து நான் பார்த்ததில்லை. அது கிடக்கட்டும்.) உங்களுக்கு வந்திருப்பது நஷ்டம்கூட இல்லை. 12,60,000 ரூபாய் என்பது நீங்களே போதும் என்று சொன்ன விலை. ஒரு மாதத்துக்கு முன் சந்தோஷமாக வாங்கிக்கொண்ட விலை. வேறொருவர் வந்து நின்றதால் அது குறைந்த மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான்.

"நான் ஆணையிடவில்லையே, சும்மா வாய்ப்பேச்சுதானே" என்று ஒரு எண்ணம் உள்ளே ஓடும். ஓடாமல் இருக்காது. இயேசு காலத்திலும் இதே யோசனை இருந்தது. தேவாலயத்தின் பேரில் சத்தியம் செய்தால் ஒன்றுமில்லை, தேவாலயத்தின் பொன் பேரில் செய்தால்தான் கடன் என்று சத்தியத்துக்குப் படிக்கட்டு கட்டி வைத்திருந்தார்கள். மத்தேயு 23-இல் அவர் அதைக் கிழித்துப் போடுகிறார். நம்முடைய படிக்கட்டு வேறு மாதிரி: பதிவு செய்த பத்திரம் என்றால் முழு உண்மை, வெள்ளைத்தாளில் கையெழுத்து என்றால் முக்கால், வெறும் வாய் என்றால் பார்த்துக்கொள்ளலாம். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்ற வார்த்தை விழுகிற இடம் இதுதான். சத்தியமே செய்யாதே என்று அவர் சொன்னது, சாதாரணமாகச் சொல்கிற "சரி"க்கே அந்தக் கனம் இருக்கட்டும் என்றுதான்.

ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்கு ஒரு வியாழக்கிழமை போய் நின்று பாருங்கள். தரகர் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இரண்டு பேர் கையையும் மூடுவார். உள்ளே விரலைப் பிடித்துப் பிடித்து விலை நடக்கும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. ஒருத்தர் முகம் சுளிப்பார், கையை உருவப் பார்ப்பார், தரகர் விடமாட்டார். துண்டை எடுத்ததும் முடிந்தது. அச்சாரம் கைமாறிவிட்டால், பின்னாலேயே ஒருவர் வந்து இரண்டாயிரம் கூடத் தருகிறேன் என்றாலும், "பேசியாச்சுங்க" என்று கயிற்றை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். அதில் பாதிப் பேர் மலையாள தேசத்துக்கு மாடு ஓட்டுகிறவர்கள், அடுத்த வாரம் முகம் பார்ப்பார்களோ என்னவோ. பைபிள் படிக்காத ஆள் துண்டுக்குள் பேசியதைக் காப்பாற்றும்போது, நாம் வீட்டு வாசலில் பேசியதை மாற்றினால் ஊர் என்ன சொல்லும் என்று உங்களுக்கே தெரியும். "வேதக்காரங்களே இப்படியா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும்.

சபை அண்ணன் சொன்ன "திறந்த வாசல்" பற்றி. அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் யோசுவா 9-ஆம் அதிகாரத்தை அவரோடு உட்கார்ந்து ஒரு தரம் வாசியுங்கள். பக்கத்திலேயே குடியிருந்த கிபியோனியர் பூசணம் பிடித்த அப்பமும் தேய்ந்துபோன செருப்புமாக வந்து, தூர தேசத்தார் என்று பொய் சொல்லி உடன்படிக்கை வாங்கிவிட்டார்கள். மூன்று நாளில் குட்டு வெளிப்பட்டது. இஸ்ரவேலர் கையில் இல்லாத நியாயமா? ஏமாற்றி வாங்கிய வாக்கு, அதுவும் கர்த்தரிடம் கேட்காமல் கொடுத்த வாக்கு. அப்படியும் பிரபுக்கள் அதை மாற்றவில்லை. எத்தனையோ காலம் கழித்துச் சவுல் அந்த வாக்கை மீறினான், தாவீதின் நாளில் மூன்று வருஷம் பஞ்சம் வந்தது என்று 2 சாமுவேல் 21 சொல்கிறது. உங்கள் பெரியவர் உங்களை ஏமாற்றவும் இல்லை. அதிக விலை வந்ததையே தேவசித்தம் என்று எடுத்துக்கொண்டால், நாளைக்கு 1,40,000 தருகிறவர் வந்ததும் இன்னொரு வாசல் திறக்கும்.

மச்சான் சொல்வது ஊர் வழக்கம். ரெட்டிப்பாகத் திருப்பினால் தோஷம் கழிந்தது என்பார்கள். லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்திலும் அநியாயமாக எடுத்ததை ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது, வாஸ்தவம். ஆனால் அது செய்த தப்பை உணர்ந்தவன் கட்டுகிற பணம். தப்பு செய்யும் முன்பே அதைக் கட்டிவிட்டுச் செய்யலாம் என்றால் அதற்குப் பெயர் டோல்கேட்.

சரி, அப்படியானால் வாயே திறக்கக் கூடாதா? திறக்கலாம். கொடுத்த வாக்கு உங்கள் கையில் இல்லை, வாங்கினவர் கையில் இருக்கிறது. அதிலிருந்து விடுவிக்க அவரால் முடியும், உங்களால் முடியாது. நீதிமொழிகள் 6-இல் இன்னொருவனுக்காகப் பிணைப்பட்டு, வாய்வார்த்தையில் சிக்கிக்கொண்டவனுக்கு ஒரு யோசனை இருக்கிறது. மறைந்து ஓடு என்றோ சாக்குச் சொல் என்றோ இல்லை. போய் உன்னைத் தாழ்த்தி, சிநேகிதனை வருந்திக் கேள் என்று இருக்கிறது. அதுவும் தூங்குவதற்கு முன்னால். தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த வசனம் உங்களை முந்திக்கொண்டது.

கேட்பதென்றால் நேரில் போங்கள். புரோக்கரை அனுப்பாதீர்கள், போனில் பேசாதீர்கள். "என்ற பொண்டாட்டி ஒத்துக்கமாட்டேங்கறா", "பத்திரத்துல சிக்கல்" என்று இல்லாததைச் சொல்லாதீர்கள். பெரியவர் நாலு தலைமுறை நிலம் பார்த்தவர், அந்தக் கதை திண்ணையைத் தாண்டாது. உள்ளதைச் சொல்லுங்கள்: "ஏனுங்க மாமா, ஒருத்தரு சென்ட்டுக்கு முப்பதாயிரம் கூடத் தர்றேங்கறாரு. புள்ளை படிப்புக்குக் கஷ்டமா இருக்குது. உங்களுக்குக் குடுத்த வார்த்தை அப்படியேதான் இருக்குது. நீங்க வேண்டாம்னு மனசார விட்டாப் பாக்கறேன், இல்லீன்னா உங்களுக்குத்தான்." இதை ஒரே ஒரு முறை கேளுங்கள். "இல்லீங்க தம்பி, எனக்கு அந்த இடம் வேணும்" என்றால் காப்பியைக் குடித்துவிட்டு, பதிவு எந்தத் தேதி என்று பேசிவிட்டு எழுந்து வாருங்கள். மறுபடி ஆள் விட்டுக் கேட்பது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது, வழித்தடத்தில் கம்பி போடுவது எல்லாம் கேட்பதில் சேராது. அதுவும் வாக்கை மீறுவதுதான், கொஞ்சம் மெதுவாக.

எல்லா வாக்கையும் இப்படிக் காப்பாற்ற வேண்டுமா என்றால், இல்லை. ராஜ்யத்தில் பாதியானாலும் தருவேன் என்று விருந்தில் வாய்விட்ட ஏரோது, ஆணையைக் காப்பாற்றப் போய் யோவான்ஸ்நானன் தலையை வாங்கினான். பாவம் செய்வதாகக் கொடுத்த வாக்கு வாக்கே இல்லை. அதை உடைத்து, கொடுத்ததற்காக வெட்கப்பட வேண்டும். உங்கள் விஷயத்தில் அந்த நாற்றம் புதிய ஆள் பக்கம்தான் அடிக்கிறது. நிலம் விற்பதில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. பாதிக்கு மேல் ரொக்கம் என்றால், பத்திரத்தில் ஒரு விலையும் பையில் ஒரு விலையும் என்று அர்த்தம். அந்த 4,20,000 ஒரு பொய்யோடு சேர்ந்துதான் வருகிறது.

இனி "நாளைக்கு". உண்மையைச் சொன்னால், உங்கள் கடிதத்தில் எனக்குக் கனமாகப் பட்டது இந்தக் கடைசி வரிதான். நிலம் வாழ்க்கையில் ஒரு தரம் விற்பீர்கள். நாளைக்கு என்பதை ஒரு நாளைக்கு எட்டுத் தரம் சொல்கிறீர்கள்.

ஊழியத்துக்கு வருமுன் நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவன். ஒரு தரம் பாஸிடம் போனில், "வண்டி கெளம்பிருச்சுங்க" என்று சொன்னேன். சொல்லும்போது பீஸ் அயர்னிங் டேபிளில் சூடாகக் கிடந்தது, வண்டியே வரவில்லை. அவர் அதை நம்பி அங்கே பேக்கிங்குக்கு நாலு பேரை நைட் ஷிப்ட் நிறுத்திவிட்டார். அதில் ஒரு அம்மா கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவர், விடிய விடிய அட்டைப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார் என்று அப்புறம் கேள்விப்பட்டேன். நான் சொன்னது இரண்டே வார்த்தை. நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல் என்று ஒருவர் வேலையில் இன்னொருவர் வேலை தொங்குகிற ஊர் இது. உங்கள் "நாளைக்கு"வை வாங்கினவர், அதை நம்பி அடுத்தவருக்கு ஒரு "நாளைக்கு" கொடுக்கிறார். கடைசியில் சனிக்கிழமை சம்பளம் தள்ளிப்போகிறவர் யார் என்று உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

தேதி தவறுவது பொய் இல்லை. ஊசி உடையும், கரண்ட் போகும், பிளாட்லாக் தையல் மிஷின் ஓட்டுகிற பையன் ஊருக்குப் போய்விடுவான். பவுல்கூடக் கொரிந்துவுக்கு வருகிறேன் என்று சொன்ன பயணத்தை மாற்றினார். அதற்காக ஆம் ஆம் என்றும் அல்ல அல்ல என்றும் பேசுகிற ஆளா நான் என்று கேட்டு, வராததற்குக் காரணத்தைக் கடிதத்தில் எழுதினார். முடியாது என்று தெரிந்தே "நாளைக்கு" என்பதுதான் பொய். சொல்லும்போதே எண்ணிக்கையோடு சொல்லிப் பழகுங்கள்: "1,200 பீஸ்ல 700 வியாழன் சாயந்திரம், மிச்சம் சனி மதியம்." தள்ளிப்போகும் என்று தெரிந்த நிமிஷமே நீங்களாகப் போன் போடுங்கள், அவர் கேட்கிறவரை காத்திருக்க வேண்டாம். முதல் மாதம் இரண்டு ஆர்டர் கை நழுவலாம். பொய் சொல்லாததற்கு விலை இருக்கிறது, இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

நம் பேச்சு வழக்கமும் இதில் ஒரு கண்ணி. கொங்கு நாட்டில் ஒருத்தர் முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்வது மரியாதைக் குறைவு. அதனால் "பாக்கலாமுங்க" என்போம், "ஆகட்டுமுங்க" என்போம். சொல்கிறவருக்கு அது இல்லை, கேட்கிறவருக்கு அது சரி. உள்ளூர்க்காரருக்கு முகத்தைப் பார்த்தே புரிந்துவிடும். பீகாரிலிருந்து வந்து கட்டிங் மேசையில் நிற்கிற பையனுக்குப் புரியாது, சூரத்திலிருந்து பேசுகிற பார்ட்டிக்கும் புரியாது. "முடியாதுங்க"விலும் ஒரு "ங்க" இருக்கிறது. மரியாதை அதிலேயே போதும்.

சபைக்குள்ளேயும் இது உண்டு, உங்களை மட்டும் சொல்லவில்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை மூவாயிரத்துக்குக் கை தூக்கி எடுப்பார்கள், எல்லாரும் கை தட்டுவார்கள். பணத்துக்குப் பொருளாளர் ஆறு மாதம் நடப்பார். கொடுக்க முடியாதவரை யாரும் ஏலம் கேட்கச் சொல்லவில்லை. நேர்ந்துகொண்டு செய்யாமல் இருப்பதைவிட நேர்ந்துகொள்ளாமல் இருப்பதே நலம் என்று பிரசங்கி 5-இல் இருக்கிறது. அந்தப் பூசணிக்காய் ஐந்நூறுக்கே போயிருக்கலாம்.

நிலத்துக்குத் திரும்புகிறேன். பெரியவர் விடவில்லை என்றால் இனி வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல் கிரய ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2012 கடைசியிலிருந்து, எழுதினால் அதைப் பதிவும் செய்ய வேண்டும். உங்கள் மகனோ அவர் மகனோ நாளைக்குத் தடுமாறாமல் இருக்க அது நல்லது. இந்த வாரமே போய்ப் பேசிவிடுங்கள், வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு. அச்சாரப் பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அந்தக் கவர் கையில் இருந்தால், பெரியவர் வாய் திறக்கும் முன்பே அவருக்கு நீங்கள் பதில் சொல்லிவிட்ட மாதிரி ஆகிவிடும்.