சந்தேகப்பட வேண்டியது போத்தலை

கேள்வி: சோடியம் காபனேற்று பன்சன் சுடரில் பிரிகையடையாது என்று படித்தோம். ஆனால் சூடாக்கியபோது சுண்ணாம்பு நீர் பால்நிறமாகிவிட்டது (காபனீரொட்சைட்டு வந்ததன் அடையாளம்), குழாயின் வாயருகே நீர்த்துளிகளும் படிந்தன. செம்புக் காபனேற்றிலும் நீர் வந்தது. பரீட்சையில் எதை எழுதுவது? (உயர்தர மாணவி, வெள்ளவத்தை)

படித்ததையே எழுதுங்கள். சோடியம் காபனேற்று ஏறத்தாழ 850 பாகை செல்சியஸில் உருகுமே தவிர, ஆய்வுகூடச் சுடருக்கெல்லாம் காபனீரொட்சைட்டை விடாது. உங்களுக்கு வந்தது பெரும்பாலும் அப்பச்சோடாவிலிருந்து, அதாவது சோடியம் ஐதரசன்காபனேற்றிலிருந்து. அது 100 பாகை தாண்டினாலே விறுவிறென்று பிரிந்து காபனேற்று, நீராவி, காபனீரொட்சைட்டு மூன்றையும் தரும். நீங்கள் கண்ட துளிகளுக்கும் பால்நிறத்துக்கும் கணக்கு சரி.

இரண்டும் வெள்ளைத் தூள். யாராவது போத்தல் மாற்றி எடுத்திருக்கலாம். யாருமே மாற்றாமலும் இது நடக்கும். கொழும்பின் ஈரக்காற்றில் மூடி இறுகாமல் கிடந்த காபனேற்று, நீரையும் காபனீரொட்சைட்டையும் இழுத்து மெல்ல மெல்ல ஒரு பகுதி ஐதரசன்காபனேற்றாகிவிடும். தூள் கட்டிபட்டிருந்தால் நான் முதலில் நினைப்பது இதைத்தான்.

சரி, எப்படி உறுதிப்படுத்துவது? அதே குழாயை, குமிழி நிற்கும்வரை சூடாக்கி ஆறவிட்டு, புதிய சுண்ணாம்பு நீருடன் திரும்பச் சூடாக்குங்கள். முதலில் சில குமிழிகள் வரும். அது விரிந்த காற்று, பயப்படாதீர்கள். நீர் தெளிவாகவே நிற்கும். தராசு இருந்தால் இன்னும் நல்லது. தூய அப்பச்சோடா திணிவில் 37 சதவீதத்தை இழக்கும். சலவைச் சோடாப் பளிங்கு, அதாவது நீரேறிய சோடியம் காபனேற்று, 63 சதவீதத்தை இழக்கும், ஆனால் அத்தனையும் நீர். நீரற்ற காபனேற்றின் திணிவு மாறாது. 37க்குக் குறைவாக வந்து, சுண்ணாம்பு நீரும் பால்நிறமானால் கலப்புத்தான்.

செம்பில் நீர் வந்தது பிழையே இல்லை. அந்தப் பச்சைத் தூள் காபனேற்றும் ஐதரொட்சைட்டும் சேர்ந்த மூல உப்பு. கறுப்பு ஒட்சைட்டோடு நீரும் வரத்தான் செய்யும்.

காரணம் கேட்டால் கற்றயனின் (நேர் ஏற்ற அயனின்) முனைவாக்கும் வலுவை, அதாவது பக்கத்து அயனின் இலத்திரன் முகிலைக் குலைக்கும் திறனை, எழுதுங்கள். சோடியம் அயனுக்கு ஏற்றம் +1தான், ஆரையும் பெரிது. காபனேற்று அயனின் இலத்திரன் முகிலை அதனால் பெரிதாகக் குலைக்க முடியாது. சிறிய, +2 ஏற்றமுள்ள செம்பு அயன் குலைத்துவிடும். 'முதலாம் கூட்டக் காபனேற்றுகள் எல்லாம் உறுதியானவை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சின்ன இலிதியம் அங்கே விதிவிலக்கு.

அப்புறம், சுடரை எடுக்குமுன் போக்குகுழாயைச் சுண்ணாம்பு நீரிலிருந்து வெளியே எடுங்கள். இல்லாவிட்டால் நீர் மேலேறி, சூடான குழாய் வெடித்துவிடும்.