பருவநிலைப் படிப்பை நம்பலாமா? ஒரு தாய்க்குப் பதில்

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. “ஒரு நாடு பருவநிலை ஒப்பந்தத்தில் சேருகிறது, ஆட்சி மாறினால் விலகுகிறது, இதை நம்பி மகளை எப்படிப் படிக்க வைப்பது?” என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். புவி வெப்பமாவதைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா 2020 நவம்பரில் விலகியது, 2021 பிப்ரவரியில் திரும்பி வந்தது, 2025 ஜனவரியில் மறுபடியும் விலகல் ஆணை.

ஆனால் வேலை இருப்பது மேடையில் அல்ல, அதற்குப் பின்னால் நடக்கும் கணக்கில். ஒப்பந்தத்தில் இருக்கும் நாடுகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிய இலக்கைச் சொல்ல வேண்டும். எவ்வளவு புகையை வெளியிட்டோம் என்று இரண்டாண்டுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். முதல் அறிக்கைக்குக் கெடு 2024 டிசம்பர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு. அந்த எண்ணை ஒரு நாட்டின் லாரி, ஜெனரேட்டர், படகு எல்லாவற்றுக்கும் பெருக்கிக் கூட்டி, எங்கே இருமுறை எண்ணினோம் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து பார்க்கிறார். அலுப்பான வேலைதான், ஆனால் அதற்கு ஆள் வேண்டும்.

உங்கள் மகளுக்கு மொழியும் சட்டமும் பிடிக்கும் என்கிறீர்கள். அப்படியானால் இதைச் சொல்லுங்கள். 2015இல் பாரிஸில் கடைசி நேரத்தில் எல்லாரும் ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டார்கள். வளர்ந்த நாடுகளின் இலக்கு பற்றிய வரியில் கட்டாயத்தைக் குறிக்கும் ‘ஷல்’ இருந்தது, அமெரிக்கா ஒப்புக்கொள்ளவில்லை. அதைக் கட்டாயமில்லாத ‘ஷுட்’ என்று திருத்திய பிறகுதான் ஒப்பந்தம் நிறைவேறியது. ஒரு சொல்லின் எடை தெரிந்த வழக்கறிஞருக்கு இங்கே இடம் உண்டு.

சரி, என்ன படிப்பது? இளநிலையிலேயே ‘பருவநிலை மாற்றம்’ என்று பெயர் போட்ட பட்டத்தை நான் சிபாரிசு செய்வதில்லை. கொஞ்சம் பழைய ஆள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சட்டம், மின் பொறியியல், புள்ளியியல், நிதிக் கணக்கு, இவற்றில் ஒன்றை உருப்படியாகக் கற்றுக்கொண்டு, பருவநிலையை முதுநிலையில் சேர்த்துக்கொள்ளட்டும். காற்று ஒரு பக்கம் மாறினாலும் கைத்தொழில் கையில் இருக்கும்.

பெரிய அமைப்புகள் பற்றியும் கேட்டீர்கள். ஐ.நா. பருவநிலைச் செயலகம் ஜெர்மனியின் பான் நகரில், சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமை அபுதாபியில், வளரும் நாடுகளுக்கு உதவும் பசுமைப் பருவநிலை நிதியம் தென்கொரியாவின் சோங்டோவில், சர்வதேச சூரியசக்திக் கூட்டணி குருகிராமில். அங்கே இடங்கள் குறைவு, போட்டி கடுமை. படித்து முடித்ததும் நேரே போய் உட்கார முடியாது. சூரிய ஒளி, காற்று போன்ற புதுப்பிக்கத்தக்க மின்திறனை உலக அளவில் 2030க்குள் மூன்று மடங்காக்குவதாக 2023இல் துபாயில் நாடுகள் ஒப்புக்கொண்டன. அதை நிறைவேற்றும் வேலையெல்லாம் மின்கட்டமைப்பு, கடன் ஒப்பந்தம், நில ஆவணம் என்று கீழ்மட்டத்தில்தான் நடக்கிறது. முதல் நாலைந்து வருடம் அந்தக் கீழ்மட்ட வேலையில் கழியட்டும். பிரெஞ்சோ ஸ்பானிஷோ ஒன்று தெரிந்திருந்தால் பிற்பாடு கை கொடுக்கும்.

இப்போதைக்குப் பணம் கட்ட அவசரப்படாதீர்கள். பாரிஸ் ஒப்பந்தத்தில் மொத்தம் 29 பிரிவுகள்தான். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இந்த விடுமுறையில் அவளைப் படிக்கச் சொல்லுங்கள். ஆறாவது பிரிவில், நாடுகள் தாங்கள் குறைத்த கார்பன் கணக்கை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளும் இடத்தில், அவளுக்குக் கேள்விகள் எழுந்தால் எழுதி எடுத்து வரட்டும். சலித்து மூடிவைத்தாலும் பரவாயில்லை, அதையும் சொல்லுங்கள். அப்புறம் மூவருமாக உட்கார்ந்து பேசலாம்.