மாஸ்பியைப் பாராட்டலாமா?

அன்புள்ள ஐயா,

அமெரிக்க உள்நாட்டுப் போரில், நாட்டிலிருந்து பிரிந்துபோன தென் மாநிலங்களின் தரப்பில் குதிரைப்படைத் தளபதியாக இருந்த ஜான் மாஸ்பி 1907இல் எழுதிய கடிதத்தைப் படித்தேன். அடிமை முறைக்காகத்தான் தெற்கு போருக்குப் போனது என்கிறார். அந்தப் பக்கம் நின்றதில் வெட்கமில்லை என்றும் சொல்கிறார். பாராட்டுவதா, திட்டுவதா?

ச.

அன்புள்ள ச.,

என்னைக் கேட்டால் இரண்டும் செய்யலாம்.

தன் படையில் இருந்த சாமுவேல் சாப்மனுக்கு மாஸ்பி எழுதியது அது. அப்போது தெற்கில் 'மாநில உரிமைக்காகப் போராடினோம்' என்ற கதை நன்றாக வேரூன்றிவிட்டது. தென்தரப்பின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸையே பாருங்கள். கறுப்பர் வெள்ளையருக்குச் சமமில்லை என்பதே எங்கள் அரசின் மூலைக்கல் என்று 1861 மார்ச்சில் முழங்கியவர், தோற்ற பிறகு அரசமைப்புச் சட்டத் தகராறு என்று தடித்தடியாகப் புத்தகம் எழுதினார். மாஸ்பிக்கு இந்தப் பூச்செல்லாம் பிடிக்கவில்லை. முதலில் பிரிந்த மாநிலமான தென் கரோலினாவுக்கு, தான் ஏன் பிரிந்தது என்று தெரியாதா என்று கேட்கிறார். 1863இல் ஃபேர்ஃபேக்ஸில் எதிரித் தளபதியைப் படுக்கையிலேயே எழுப்பிச் சிறைபிடித்த ஆள் இவர். அவரே சொல்வதால்தான் அந்த வார்த்தைக்கு எடை. சரி, இதுவரை பாராட்டு.

அப்புறம் வருகிறது, மனிதர்களை அவரவர் காலத்து அளவுகோலால்தான் அளக்க வேண்டும் என்ற வாதம். என் முன்னோர் கடற்கொள்ளையரும் மாட்டுத் திருடர்களும்கூட, அதற்கும் நான் வெட்கப்படவில்லை என்கிறார். ரசிக்கும்படிதான் இருக்கிறது, ஆனால் வாதம் நிற்கவில்லை. கவிழ்ப்பதும் அவரேதான். அடிமை முறையை எதிர்த்துப் பேசுவதையே குற்றமாக்கிய தன் மாநிலமான வர்ஜீனியாவின் 1860ஆம் ஆண்டு சட்டத் தொகுப்பை அதே கடிதத்தில் எடுத்துக் காட்டுகிறார். காலமே ஒப்புக்கொண்ட விஷயத்துக்கு வாய்ப்பூட்டு எதற்கு? பழைய வர்ஜீனியர்கள் அடிமை முறையைக் கண்டித்தவர்கள் என்பதையும் அவர் மறுக்கவில்லை. அப்படியானால் வேறு அளவுகோலும் கையருகே இருந்தது. அடிமைப்பட்டவர்களும் அந்தக் காலத்தவர்கள்தானே?

சிப்பாய் தன் நாட்டுக்காகச் சண்டையிடுகிறான், அரசியல் நியாயத்துக்கு அவன் பொறுப்பில்லை என்று அவர் சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை. பிரிவினையை முதலில் எதிர்த்தவர் மாஸ்பி. சட்டம் படித்த வக்கீல். தெரிந்தேதான் குதிரை ஏறினார்.